கிலோ 90 ரூபாய் 87 பைசா

இந்த வாரம் உங்களிடம் ஒரு கணக்கு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. பி.காம். படித்தவன் எழுதும் பக்கத்தில் கணக்கு வராமல், பின்னே கவிதையா வரும்?

2023-ஆம் வருஷம் தை மாசம், எங்கள் வீட்டுப் பொடக்காலியில் (பட்டணத்துக்காரர்கள் புழக்கடை என்று வாசித்துக் கொள்ளவும்) 40 தக்காளிச் செடி வைத்தேன். செலவு விவரம் வருமாறு:

ரப்பர் ஹோஸ் 650 ரூபாய். தண்ணீர் டிரம் 1,100. சாணி எரு இரண்டு நடை 900. வேப்பம் புண்ணாக்கு 240. விதை 60. செடிக்கு முட்டுக் கொடுக்கக் குச்சியும் கயிறும் 430. மண்ணைக் கொத்திக் கொடுத்தவருக்குக் கூலி 800. (நானே கொத்துவதாகத்தான் ஏற்பாடு. பத்தாவது வெட்டில் முதுகு ராஜினாமாக் கடிதம் கொடுத்து விட்டது.) ஆக மொத்தம் 4,180 ரூபாய்.

வரவு: 46 கிலோ தக்காளி.

வகுத்துப் பார்த்தேன். அடக்க விலை கிலோ 90 ரூபாய் 87 பைசா. அன்றைக்கு எங்கள் ஊர்ச் சந்தையில் நயம் தக்காளி கிலோ 10 ரூபாய்! கூவிக் கூவிக் கொடுத்தார்கள்.

"ஏனுங்க, டிரம்மும் ஹோஸும் அடுத்த வருஷத்துக்கும் ஆகுமில்ல? அதையும் இந்த வருஷத் தக்காளி தலையில கட்டலாமுங்களா?" என்றாள் என் வீட்டம்மா. அவள் படித்தது தமிழ் இலக்கியம். தேய்மானம் என்ற சங்கதியை எனக்குச் சொல்லித் தருகிறாள்! 'முதலினச் செலவு, வருவாயினச் செலவு' என்று மூன்று வருஷம் மனப்பாடம் செய்தவன் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் இன்றைக்குச் சொல்ல வந்தது விலைக் கணக்கு இல்லை. அந்த 46 கிலோவில் 6 கிலோவை என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. முடிகிற இடத்தில் எனக்கு ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

* * *

முதலில் ஊர். ஜலகண்டாபுரம். சேலம் ஜில்லா, மேட்டூர் தாலுகா. வாரப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு இந்த ஊர் தெரியாமலே தெரிந்த ஊர். அப்புசாமி - சீதாப்பாட்டியைப் படைத்த 'பாக்கியம் ராமசாமி' ஜ.ரா.சுந்தரேசன் இருக்கிறாரே, அந்த 'ஜ' எங்கள் ஊர்தான். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும்.

பெயரிலே ஜலம் இருக்கிறதே தவிர, மண்ணிலே அதிகம் கிடையாது. 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. 120 அடி நிரம்பினால் குடும்பத்தோடு போய்ப் பார்த்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அந்தத் தண்ணீர் எங்களுக்கு டாட்டா காட்டிவிட்டுத் தஞ்சாவூர் போய்விடும். எங்கள் வயல்களில் பாதி, மானத்தைப் பார்த்துக் கொண்டிருப்பவை.

அப்படிப்பட்ட ஊரில் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சி 40 செடி வளர்த்தேன். பி.கே.எம். 1 என்கிற ரகம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்தது. பழுத்தாலும் காம்புப் பக்கம் தோளில் கொஞ்சம் பச்சை நிற்கும். வேலியோரம் இரண்டு வரிசை கொத்தவரை. அதற்கு விதைச் செலவு கிடையாது. எங்கள் அப்பாயி, சாம்பலில் புரட்டிக் கலயத்தில் போட்டு வைத்திருந்த விதை. அப்பாவைப் பெற்றவளை நாங்கள் அப்பாயி என்போம். அப்போது அவளுக்கு வயசு எண்பதுக்கு மேல். எத்தனை மேல் என்று அவளுக்கும் தெரியாது, ஆதார் அட்டைக்கும் தெரியாது. அட்டையில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று போட்டிருக்கிறது.

பங்குனி பிறந்தது. பழுக்க ஆரம்பித்தது.

மாடியிலோ கொல்லையிலோ தோட்டம் போட நினைக்கும் ஆபீஸ் நண்பர்கள் ஒன்றைக் குறித்துக் கொள்ளுங்கள். தோட்டம் உங்களுக்கு மாசச் சம்பளம் தராது. போனஸ்தான் தரும். மூணு மாசம் ஒண்ணுமே கிடையாது. அப்புறம் ஒரே வாரத்தில் தலையில் வந்து கொட்டும். கடையில் வாங்கும்போது அரைக்கிலோ, கால்கிலோ என்று நாம் தீர்மானிக்கிறோம். தோட்டத்தில் தீர்மானிக்கிறது செடி.

ரெண்டு நாளைக்கு ஒரு தரம் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய. காலையில் தக்காளிச் சட்னி. மத்தியானம் தக்காளி ரசம், தக்காளிக் கூட்டு. ராத்திரி தக்காளித் தொக்கு. நாலாம் நாள் என் நாலு வயசுப் பெண் சோற்றைப் பார்த்து, "ஏம்ப்பா சோறு தெனமும் செவப்பா இருக்குது?" என்று கேட்டாள்.

அக்கம் பக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். முதல் தடவை, "அட, மருந்தடிக்காத தக்காளியா தம்பி!" என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டாம் தடவை, "எதுக்குத் தம்பி சிரமம்" என்றார்கள். மூன்றாம் தடவை நான் பையோடு வருவதைப் பார்த்து, பக்கத்து வீட்டுத் தறிக்கார அண்ணன் கரண்ட் இல்லாத நேரத்தில் தறி ஓட்டுவது போல் பாவனை செய்தார்.

என் கதை வாளிக் கணக்கு. ஏக்கர் கணக்கில் போட்டவர் கதி? மேச்சேரிப் பக்கம் எனக்கு மாமா முறை ஒருத்தர். "மாப்ளே, பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் மூணும் போக மிச்சம் எங்கையிலிருந்து போடோணும்" என்றார். பறிக்காமல் விட்டு, காட்டுக்குள் மாட்டை அவிழ்த்து விட்டார். மாடு இரண்டு நாள் தின்றுவிட்டு அதுவும் போதும் என்று சொல்லிவிட்டதாம்! சொல்லிச் சிரித்தார். அவர் கண் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த மேதாவி யோசனை உதித்தது.

* * *

செல்போனில் ஒரு வீடியோ. அமெரிக்காவில் ஒரு கிராமத்து அம்மணி. தோட்டத்தில் காய் பறிக்கிறார், கழுவுகிறார், கண்ணாடி ஜாடியில் அடைக்கிறார், மூடி போட்டு வேக வைக்கிறார். அலமாரியில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று வரிசையாக ஜாடிகள். ஒரு வருஷம் கெடாதாம். அதற்குக் 'கேனிங்' என்று பெயர்.

இந்த வித்தைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. பிரெஞ்சு ராணுவம் ஊர் ஊராகச் சண்டைக்குப் போனபோது சாப்பாடு கெட்டுப்போகாமல் இருக்க வழி வேண்டியிருந்தது. மிட்டாய் செய்து கொண்டிருந்த நிக்கோலா அப்பேர் என்பவர் வருஷக்கணக்காக முயன்று, கண்ணாடி பாட்டிலில் உணவை அடைத்து, தக்கை போட்டு இறுக்கி, கொதிநீரில் வேக வைத்தால் கெடாது என்று கண்டுபிடித்தார். 1810-இல் அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. கிருமிதான் காரணம் என்று லூயி பாஸ்டர் காட்ட இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதே 1810-இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகர டப்பாவுக்குக் காப்புரிமை வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், டப்பாவைத் திறக்கத் தனியாக ஒரு கருவி வர அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதுவரை சுத்தி, உளி, சிப்பாயின் கத்தி! மூடத் தெரிந்தவனுக்குத் திறக்கத் தெரியவில்லை. (நம்ம ஊர்ப் பேச்சுவார்த்தைகள் பலதும் இந்த ரகம்தான்.)

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் வீட்டுக்கு வீடு 'வெற்றித் தோட்டம்' போட்டு, விளைந்ததை ஜாடிகளில் அடைத்து வைத்தார்கள். அவர்களால் முடிந்தது, பி.காம். படித்த என்னால் முடியாதா?

பழைய ஜாம் பாட்டில் ஆறு தேடி எடுத்தேன். நாலில் தக்காளி. இரண்டில் கொத்தவரங்காய், உப்புத் தண்ணீரோடு. இட்லிப் பானையில் நிறுத்தி, அரை மணி கொதிக்க விட்டேன். ஆறியதும் துடைத்து, ஒவ்வொன்றிலும் பேப்பர் ஒட்டித் தேதி எழுதினேன். அலமாரியில் வரிசையாக அடுக்கினேன். அந்த அம்மணி வீட்டு அலமாரி மாதிரியே இருந்தது. போட்டோ எடுத்து பாங்க்கில் வேலை பார்க்கும் சிநேகிதனுக்கு அனுப்பினேன். 'மாப்ளே, பேக்டரி ஆரம்பிச்சுட்டியா, லோன் வேணுமா?' என்று கேட்டான்.

அப்பாயி திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன கண்ணு இது, காய்க்குக் குளிப்பாட்டிப் பொட்டியில போட்டு வெச்சிருக்கறே?"

"கேனிங் அப்பாயி. ஒரு வருஷம் கெடாது."

"உப்பு?"

"கொஞ்சம் போட்டிருக்கேன்."

"புளி?"

"இல்லை."

"வெயிலு?"

"காட்ட வேண்டியதில்லை."

அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக் கொண்டாள்.

* * *

பதினோரு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. சந்தைக்குப் போகச் சோம்பல். என் வீட்டம்மா கொத்தவரங்காய் பாட்டில் ஒன்றைத் திறந்து வாணலியில் கொட்டினாள். தாளித்துப் பொரியல் செய்தால் ஆயிற்று. பாப்பா தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து விட்டாள்.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த அப்பாயி, அலமாரிப் பக்கம் நின்றாள். மீதியிருந்த இன்னொரு கொத்தவரங்காய் பாட்டிலின் மூடியை விரலால் அழுத்தினாள். 'டொக்' என்று உள்ளே போய், திரும்ப எழும்பியது.

"மூடி எந்திரிச்சிருக்குது சாமி."

"அது ஒண்ணும் இல்லை அப்பாயி, காத்து."

"காத்து எங்கிருந்து வந்துச்சு? நீதான் காத்தே போகாம மூடுனேன்னு சொன்னயே?"

எனக்குப் பதில் வரவில்லை. பாட்டிலைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். செத்த எலி நாற்றம்.

"அப்ப அந்த வாணலியில இருக்கறதையும் கொட்டு ஆயா" என்றாள், என் மனைவியிடம்.

"இல்லீங்க அப்பாயி, இது நல்லாத்தான் இருக்குது. மூடியும் நேராத்தான் இருந்துச்சு, நாத்தமும் இல்லை."

"ஒரே பானையில வெந்த ரெண்டுல ஒண்ணு கெட்டுப் போச்சு. இன்னொண்ணு மட்டும் கோயில் பிரசாதமா? நாக்குல வெச்சுப் பாக்காதே. குழி தோண்டிப் புதை. மாட்டுக்கும் போடாதே."

என் மனைவி ருசி பார்க்க ஒரு துண்டை விரலில் எடுத்திருந்தாள். அப்படியே போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பாப்பாவுக்குத் தயிர்சாதம். நான் மண்வெட்டியோடு பொடக்காலிக்குப் போனேன். இந்தத் தடவை முதுகு ராஜினாமா செய்யவில்லை. முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினேன். தக்காளி பாட்டில்கள் நாலையும் சேர்த்தே புதைத்தேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டியது.

* * *

பொட்டுலிசம் என்று ஒரு நோய். லத்தீனில் 'பொட்டுலஸ்' என்றால் கறி அடைத்த குடல், அதாவது சாசேஜ். ஜெர்மனியில் அதைத் தின்று பலர் இறந்ததால் வந்த பெயர். 1895-இல் பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற கிராமத்தில் ஒரு சாவு வீடு. பேண்டு வாசித்தவர்கள் அதன்பின் சாப்பிட்ட பன்றித் தொடைக் கறியில் கோளாறு. மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் கறியிலிருந்துதான் வான் எர்மெங்கம் என்ற விஞ்ஞானி கிருமியைப் பிரித்தெடுத்தார்.

இந்தக் கிருமி சாதாரண மண்ணில் இருக்கிறது. அதாவது தோட்டத்துக் காயிலும் ஒட்டிக்கொண்டு வரும். திறந்த வெளியில் அதனால் பெரிய உபத்திரவம் இல்லை. ஏனென்றால் அதற்குக் காற்று ஆகாது. காற்றே இல்லாத இடம், ஈரம், புளிப்பில்லாத உணவு, அறையின் சூடு, இந்த நாலும் சேர்ந்து கிடைத்தால் போதும், குடித்தனம் வைத்துவிடும்.

நான் செய்தது என்ன? காற்றை வெளியேற்றினேன். ஈரம் கொடுத்தேன். புளிப்பில்லாத கொத்தவரங்காய் கொடுத்தேன். அலமாரியில் இடமும் கொடுத்தேன். அட்வான்ஸ் கூட வாங்காமல் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன்!

'அதுதான் அரை மணி கொதிக்க வைத்தாயே?' என்று கேட்பீர்கள். கொதிநீர் 100 டிகிரி. கிருமி செத்துப் போகும். ஆனால் அதன் வித்து, தோல் தடித்த விதை மாதிரி, அந்தச் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். டப்பா உணவுத் தொழிற்சாலைகளில் புளிப்பில்லாத காய்களை 121 டிகிரி வரை நீராவி அழுத்தத்தில் வைத்துத்தான் அதைக் கொல்கிறார்கள். அந்த அமெரிக்க அம்மணியும் காய்களை அடைத்தது வெறும் பானையில் இல்லை, அதற்கென்றே வரும் அழுத்தக் கலத்தில். எந்தக் காய்க்கு எத்தனை நிமிஷம் என்று சோதித்துப் போட்ட அட்டவணையும் அவர் பக்கத்தில் இருந்தது. நான் அலமாரியைப் பார்த்தேனே தவிர, அடுப்பைப் பார்க்கவில்லை.

நம் வீட்டுக் குக்கரில் வைத்தால் என்ன? அதில் வெறும் சூடு ஏறலாம். ஆனால் பாட்டிலின் நடுப்பகுதி வரை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சூடு போகிறது என்று நமக்குச் சோதித்துச் சொன்ன கணக்கு இல்லை. கணக்கில்லாத இடத்தில் குழந்தையை வைத்துப் பரீட்சை பண்ணக்கூடாது.

புளிப்புக்கு ஒரு அளவுகோல் உண்டு, பி.ஹெச். என்று. அது 4.6-க்குக் கீழே இருந்தால், அதாவது நல்ல புளிப்பாக இருந்தால், இந்தக் கிருமி தலையெடுக்காது. மாங்காய், எலுமிச்சை, புளி எல்லாம் அந்தக் கட்சி. கொத்தவரை, பீன்ஸ், பட்டாணி, கேரட் எல்லாம் எதிர்க்கட்சி. தக்காளி இருக்கிறதே, அது சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிற சுயேச்சை. ரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்து அந்தப் பக்கமும் சாயும், இந்தப் பக்கமும் சாயும். அதனால்தான் தக்காளியை அடைக்கும்போது எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கிய வரி ஒன்று உண்டு. இந்த விஷம் சேர்ந்த உணவு நாறவேண்டும் என்று கட்டாயமில்லை, ருசி மாறவேண்டும் என்றும் கட்டாயமில்லை. மூடி எழும்ப வேண்டும் என்றும் இல்லை. துளி போதும். நரம்பு செயலிழந்து மூச்சு நிற்கும்.

எங்கள் பாட்டிலில் இருந்தது அந்தக் கிருமிதானா, வேறு ஏதாவது சில்லறைக் கிருமியா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. பாப்பா பக்கத்தில் தூங்கிக் கொண்டிருந்தாள். விடிகிற வரை அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

* * *

காலையில் அப்பாயியிடம் போனேன். "அப்பாயி, மிச்சத் தக்காளிக்கு நீயே ஒரு வழி சொல்லு."

"இத மொதல்லயே கேட்டிருந்தா பாட்டிலாவது மிச்சமாயிருக்கும்" என்றாள்.

வெள்ளைக்காரர்கள் பாட்டிலில் அடைத்ததற்கு நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு ஆறு மாசம் குளிர், பனி. காய வைக்க வெயில் கிடையாது. விறகும் நெருப்பும்தான் கதி. நமக்கு? சேலத்துச் சித்திரை வெயில்! சும்மா கிடைக்கிறது, பில் வராது. கிருமிக்குத் தண்ணீர் வேண்டும். நம் பாட்டிமார் அதன் தண்ணீரையே பிடுங்கி விட்டார்கள். உப்புப் போட்டு உறிஞ்சி, புளிப்பு ஏற்றி, வெயிலில் காய வைத்து. மூன்று பூட்டு. நான் போட்டதோ ஒரே பூட்டு. அதுவும் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய பூட்டு.

மோர் மிளகாயை யோசியுங்கள். புளித்த மோரிலும் உப்பிலும் ஊற வைப்பது, பகலில் வெயில், ராத்திரி மறுபடி மோர். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் அதே மாதிரி. கொத்தவரங்காயை உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவைத்து, மோரில் புரட்டி, சத்தம் கேட்கிற மாதிரி காய வைத்தால் வற்றல். டப்பாவில் போட்டுக் குலுக்கினால் 'கலகல' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு நாள் வெயில். அப்பாயிக்கு இருக்கும் ஒரே மீட்டர் அந்தச் சத்தம்தான்.

தக்காளி 100-க்கு 94 பங்கு தண்ணீர். 10 கிலோ மிச்சம் இருந்தது. 5 கிலோ வற்றலுக்கு, 4 கிலோ ஊறுகாய்க்கு. பாக்கி ஒரு கிலோவை அரைத்து ஜவ்வரிசிக் கூழில் கலந்து வடகம் ஊற்றினாள் என் மனைவி. சேலத்துக்காரன் வீட்டில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்!

மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்துக் காய வைத்தோம். காக்கா விரட்டும் உத்தியோகம் எனக்கு. 'வீட்டில் சும்மா உட்கார்ந்து எழுதறவர்தானே' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குடையும் குச்சியுமாக ஐந்து நாள். இந்தக் கட்டுரையின் முதல் குறிப்புகள் அங்கே எழுதியவைதான்.

ஊறுகாய் விஷயத்தில்தான் தகராறு. நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

"ஒரு கிலோ தக்காளிக்கு உப்பு எவ்வளவு அப்பாயி?"

"ரெண்டு கை."

"கைன்னா எவ்வளவு?"

"கைன்னா கைதான். இதென்ன கேள்வி?"

அவள் அள்ளிய உப்பை வாங்கி, சமையலறைத் தராசில் வைத்தேன். 42 கிராம். மறுபடி அள்ளச் சொன்னேன். 42. மூன்றாம் தடவையும் 42! ஆடிட்டர் கூட இப்படி டேலி ஆக மாட்டார். நான் அள்ளிப் பார்த்தேன். 56 கிராம். அவளுடைய 'ரெண்டு கை'யை என் கையால் போட்டிருந்தால் ஊறுகாய் வாயில் வைக்க முடியாது. அவளே முப்பது வயசில் போட்ட கையும் இதுவும் ஒன்றா என்று கேட்டேன்.

"அப்ப கை பெருசு கண்ணு. இப்ப தோலு சுருங்கிப் போச்சு. ஆனா குவிச்சு அள்ளறேன் பாரு" என்று காட்டினாள்.

நான் அதுவரை கவனிக்கவே இல்லை. விரல்கள் கொஞ்சம் நடுங்கின. அந்தக் கையோடு போய்விடக்கூடிய கணக்கு அது. எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. நோட்டில் எழுதிக் கொண்டேன். உங்களுக்கும் தருகிறேன்:

தக்காளி 1 கிலோ. கழுவித் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, நறுக்க வேண்டும். கல்லுப்பு 84 கிராம் (அப்பாயி கை 2), மஞ்சள்தூள் ஒரு ஸ்பூன் போட்டு ஜாடியில் இரண்டு நாள். பிறகு துண்டுகளைப் பிழிந்து எடுத்து வெயிலில் மூன்று நாள். பிழிந்த சாற்றையும் பக்கத்திலேயே வெயிலில் வைத்து, அதில் 100 கிராம் புளியை ஊறப் போட வேண்டும். பின் எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, மிளகாய்த்தூள் 75 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு ஸ்பூன், பெருங்காயம் சேர்த்து, 200 மில்லி நல்லெண்ணெயில் கடுகு தாளித்துச் சுருளக் கிளற வேண்டும். ஆறியபின் காய்ந்த ஜாடி. ஈரக் கரண்டி பட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம். வெறும் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு மூடி வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். புளிப்பில்லாமல் எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டும், என் கொத்தவரங்காய் பாட்டிலும் ஒரே ஜாதி.

* * *

அப்புறம் 2023 ஜூலை வந்தது. ஞாபகம் இருக்கிறதா? தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிய ஜூலை! சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கம் தக்காளி விற்ற ஜூலை. மேச்சேரி மாமா போன் செய்தார். "மாப்ளே, இப்ப எங்காட்டுல ஒரு பழம் இல்ல" என்றார். அந்த வாட்டியும் சிரித்தார். மாட்டை அவிழ்த்து விட்டவருக்கு விலை ஏறும்போது விற்கச் சரக்கில்லை. சரக்கு இருந்தபோது விலை இல்லை. ஒரு பெரிய வற்றல் மாடியோ, ஊருக்குப் பொதுவாக ஒரு உலர்த்துகிற கூடமோ இருந்திருந்தால் அவர் கணக்கே வேறு. ஆகஸ்ட் கடைசிக்குள் விலை மறுபடி சரிந்துவிட்டது.

அந்த ஒரு மாசம் எங்கள் வீட்டில் நாலு துண்டு தக்காளி வற்றலை ஊறப் போட்டு ரசம் வைத்தோம். தறிக்கார அண்ணன் வீட்டிலிருந்து கிண்ணத்தோடு ஆள் வந்தது. "தம்பி வீட்ல தக்காளி ஊறுகாய் இருக்குதாமே?" என்று. கதவைச் சாத்தாமல் கொடுத்தோம்.

கணக்கை முடித்து விடுகிறேன். 46 கிலோவில் வீட்டில் தின்றது 14. தானம் 12. அழுகியது 4. பாட்டிலில் போட்டுப் புதைத்தது 6. அப்பாயி காப்பாற்றியது 10. வருஷக் கடைசியில் கையிருப்புச் சரக்கை எப்படி மதிப்பிடுவது என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள்: அடக்க விலை, சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அது. நானும் ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எந்த விலையும் எழுத மனசு வரவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டேன்.

இந்தச் சித்திரையிலும் மாடியில் வேட்டி விரித்தோம். அப்பாயிக்கு இப்போது படி ஏற முடிவதில்லை. கீழே திண்ணையில் உட்கார்ந்து குரல் கொடுக்கிறாள். உப்பை முதல் தடவையாக நான் போட்டேன். அவளுடைய கை இரண்டு, என் கையில் ஒன்றரை. தராசில்லாமல் போட்டேன். ஊறுகாய் ஆனதும் ஒரு துளி எடுத்துப் போய் அவள் நாக்கில் வைத்தேன்.

கண்ணை மூடி, சப்புக் கொட்டி, கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஒரு கல்லு கம்மி. ஆனா தின்னலாம்" என்றாள்.